பாரிசிலிருந்து காலையில் போய்ப் பின்னேரம் திரும்பக்கூடிய ஊர்கள்

கிளிநொச்சியிலிருந்து பாரிசுக்குப் பிள்ளைகளைப் பார்க்கப் போய்த் திரும்பியவர்களைக் கேட்டால், பெரும்பாலும் ஒரே கதைதான் வரும். விமான நிலையம், மகளின் வீடு, லாச்சப்பல் தமிழ்க் கடைகள், மாணிக்க விநாயகர் கோயில், யாரோ ஒருவரின் பிறந்தநாள் மண்டபம், ஈபிள் கோபுரத்துக்குக் கீழே எடுத்த படம். மிச்ச நாளெல்லாம் நாலாம் மாடி யன்னலடியில் குந்தியிருந்து றோட்டைப் பார்த்தது. பிள்ளைகளையும் குறை சொல்ல முடியாது. விடிய நாலு மணிக்கு வேலைக்கு ஓடுகிறவர்கள் அவர்கள். லீவு எடுத்தால் அந்த நாள் சம்பளம் இல்லை. மூன்று மாத விசா அப்படியே கரைந்துவிடும்.

இப்போது என்னிடம் தெரிந்தவர்கள் வந்து, "ரீச்சர், அம்மாவைக் கூட்டிக்கொண்டு எங்கெங்கே போனீங்கள், எப்படிப் போனீங்கள்?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே ஒருமுறை விளக்கமாக எழுதிவிடுகிறேன்.

2025 மே மாதம் அம்மாவும் நானும் அக்கா வீட்டுக்குப் போனோம். அக்கா லா கூர்நெவில் இருக்கிறார். பாரிசுக்கு வடக்கே கிட்ட இருக்கும் புறநகர். எங்கள் ஆட்கள் நிறையப் பேர் இருக்கும் இடம். அக்கா அங்கே போய் இருபது வருடத்துக்கு மேல். பாரிசை விட்டு வெளியே எங்கே போயிருக்கிறீர்கள் என்று கேட்டேன். "லூர்து மாதாவிட்ட ஒருக்கா, ஜேர்மனியில மச்சாளின்ர கலியாணத்துக்கு ஒருக்கா" என்றார். அவ்வளவுதான். நானோ புவியியல் படிப்பிக்கிறவள். வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, ஒரு மணித்தியாலத் தூரத்தில் இத்தனை ஊர்கள் இருக்கின்றனவே என்று பார்த்த பிறகு என்னால் அந்த யன்னலடியில் இருக்க முடியவில்லை.

முதலில் நிலையங்கள். கொழும்பு கோட்டையில் நின்றால் பதுளைக்கும் மாத்தறைக்கும் மட்டக்களப்புக்கும் காங்கேசன்துறைக்கும் ஒரே இடத்தில் ரயில் பிடிக்கலாம். பாரிசில் அப்படி இல்லை. பெரிய நிலையங்கள் ஆறு இருக்கின்றன. பெர்சி என்று சிறியது ஒன்றும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒவ்வொரு திசைக்கும் ஒவ்வொரு தனியார் கம்பனி பாதை போட்டது. ஒவ்வொன்றும் அன்றைய நகரத்தின் ஓரத்தில் தனக்கென்று ஒரு நிலையத்தைக் கட்டிக்கொண்டது. 1938 இல் எல்லாம் ஒன்றாக்கப்பட்ட பிறகும் நிலையங்கள் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டன. அதனால் ஊரைத் தெரிவு செய்ததும் அடுத்த கேள்வி, எந்த நிலையம் என்பதுதான். அமியானுக்கு கார் து நோர். ரான்சுக்கும் புரோவானுக்கும் கார் து லெஸ்ற். சார்த்ருக்கு மோன்பர்னாஸ். ரூவானுக்கும் ஜிவேர்னிக்கும் சான் லசார். பொந்தேன்புளோவுக்கு கார் து லியோன்.

எங்கள் ஆட்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. லாச்சப்பல் கார் து நோரின் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கிருந்து கார் து லெஸ்றுக்குப் பத்து நிமிட நடை. ஆக, எங்கள் சனம் மரக்கறி வாங்க வந்துபோகும் அந்தத் தெருக்களின் இரு பக்கமும் பிரான்சின் வடக்கும் கிழக்கும் திறந்து கிடக்கின்றன. அக்கா இத்தனை வருடமும் அந்த இரண்டு நிலையங்களுக்கும் நடுவில் முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறார்.

ரிக்கெற் விசயம். 2025 ஜனவரியிலிருந்து பாரிஸ் பிராந்தியம் முழுவதற்கும் ஒரே கட்டணமாக்கினார்கள். மெற்றோவோ ரயிலோ, விமான நிலையம் தவிர எங்கே போனாலும் ஒரு வழிக்கு ஒரே காசு, நாங்கள் போன 2025 இல் அது 2.50 யூரோவாக இருந்தது. இரண்டு யூரோவுக்கு ஒரு அட்டை வாங்கி அதில் ஏற்றிக்கொள்ளலாம். ஆளுக்கு ஒரு அட்டை வேண்டும், ஒரே அட்டையை இரண்டு பேர் மாறி மாறிக் காட்ட முடியாது. வெர்சாய் அரண்மனைக்கும் இந்தக் காசுதான். பொந்தேன்புளோவுக்கும் இதுதான். புரோவான் என்ற பழைய மதில் நகரம் ஏறக்குறைய 90 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது. ஒன்றரை மணித்தியாலம் ரயிலில் இருக்க வேண்டும். அதற்கும் அதே காசுதான். பிராந்தியத்துக்கு வெளியே இருக்கும் அமியான், ரான்ஸ், சார்த்ர், ரூவான் ஆகிய ஊர்களுக்குத் தனி ரிக்கெற் எடுக்க வேண்டும். இதில் கவனிக்க வேண்டியது, சார்த்ருக்குப் போவது போன்ற பிராந்திய ரயில்களில் அன்று காலை எடுத்தாலும் பிரச்சினை இல்லை. ரான்சுக்குப் போகும் அதிவேக ரயிலில் அப்படி அல்ல. நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். அதை முதலே எடுத்துவிடுங்கள். எங்களுக்கு அக்காவின் மகன்தான் போனில் எடுத்துத் தந்தான். பதினேழு வயதுப் பிள்ளை, தமிழ் நன்றாகக் கதைப்பான். பாடசாலை இல்லாத நாட்களில் அவனும் வந்தான்.

இன்னொன்று, எந்த மேடையில் ரயில் நிற்கும் என்பது கடைசி இருபது நிமிடத்தில்தான் பலகையில் விழும். அதுவரை எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அம்மாவுக்கு அது பதற்றமாக இருந்தது. "எல்லாரும் நிக்கினம், நாங்கள் போய் ஏறுவமே" என்று கையைப் பிடித்து இழுத்தார். ஏதாவது ஒரு வாங்கில் அவரை இருத்திவிட்டுப் பலகையை நீங்கள் பாருங்கள்.

அமியானைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான், எனக்கும் அப்படியே. கார் து நோரிலிருந்து ஒரு மணித்தியாலம் கொஞ்சம் கூட. ரயில் அசைந்ததும் அம்மா கையைத் தலைக்கு மேலே எடுத்து, "முறிகண்டிப் பிள்ளையாரே" என்றார். எங்கள் பக்கத்தில் எந்த வாகனமும் முறிகண்டியில் நின்று கும்பிடாமல் ஏ-9 வீதியில் போவதில்லை. பிரான்சில் ஏறிய ஒவ்வொரு ரயிலிலும் அம்மா இதைச் செய்தார்.

அமியான் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் நூறு மீற்றருக்கு மேல் உயரமான கொங்கிறீற் கோபுரம் ஒன்று முன்னுக்கு நிற்கும். 1940 இல் குண்டுவீச்சில் நகரத்தின் நடுப்பகுதி அழிந்து, 1944 இல் மறுபடியும் அடிபட்டது. போருக்குப் பிறகு ஒகுஸ்ற் பெரே என்ற கட்டடக்கலைஞர் அந்தக் கோபுரத்தையும் நிலையத்தையும் அமைத்தார். அந்த அழிவுக்குள் தப்பி நின்றது பேராலயம். 1220 இல் கட்டத் தொடங்கியது. உள்ளே கூரை 42 மீற்றர் உயரம். பாரிசின் நோத்ர் டாம் இதற்குள் இரண்டு தரம் அடங்கும் என்பார்கள். பீடத்துக்குப் பின்பக்கம், ஒரு மண்டையோட்டின் மேல் முழங்கையை ஊன்றி அழுதுகொண்டிருக்கும் ஒரு சின்ன வானதூதன் இருக்கிறான். முதலாம் உலகப் போரில் அந்த ஊரால் கடந்து போன படையினர் வீட்டுக்கு அனுப்பிய தபால் அட்டைகளில் நிறைய இவனுடைய படம்தான்.

ஆனால் அம்மாவைக் கட்டிப்போட்டது பேராலயம் அல்ல. அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் சோம் ஆற்றங்கரையில் ஓர்தியோனாஜ் என்ற தோட்டங்கள் இருக்கின்றன. சதுப்பு நிலத்தை வெட்டி, வாய்க்காலும் மேடுமாக்கி, நூற்றாண்டுக் கணக்காக மரக்கறி செய்து வந்த இடம். 300 ஹெக்ரேயர், எங்கள் கணக்கில் 700 ஏக்கருக்கு மேல். வாய்க்கால்களின் நீளத்தை மட்டும் கூட்டினால் 65 கிலோமீற்றர். தோட்டத்துக்குள் போக வள்ளம்தான் வழி. இப்போது மரக்கறி விற்று வாழ்கிறவர்கள் சிலரே. மற்றத் துண்டுகளில் வீட்டுத் தோட்டங்களும் பூக்களும். ஏப்ரலிலிருந்து ஒக்ரோபர் வரை பார்க்க வருகிறவர்களை வள்ளத்தில் ஏற்றிக் காட்டுகிறார்கள்.

அந்த வள்ளத்தை நான் கிட்டப் பார்த்தேன். அடி தட்டை. முன்னுக்கு மூக்கு நீளமாக, சரிவாக மேலே எழும்பி நிற்கும். ஏன் அப்படி என்று பெறாமகனைக் கேட்கச் சொன்னேன். ஓட்டி வந்த வயதான மனிதர் கரையைக் காட்டினார். கரை வெறும் மெத்து மண். வள்ளம் நேரே போய் மோதினால் இடிந்து தண்ணீருக்குள் விழுந்துவிடும். இந்த நீண்ட மூக்கு கரைக்கு மேலால் ஏறிப் படுத்துக்கொள்ளும், மண்ணுக்குச் சேதம் இல்லை, மூட்டைகளையும் அதன் மேலால் ஏற்றி இறக்கலாம். சில இடங்களில் பலகை அடித்துக் கரையைக் காத்திருந்தார்கள். வாய்க்கால் தூர்ந்து போகாமல் அடிச்சேற்றை அள்ளித் தோட்டத்தில் போடுவது அங்கே பழைய வழக்கமாம். அதைச் சொன்னதும் அம்மா எழும்பப் பார்த்தார், வள்ளம் ஆடியது.

"வண்டல்! குளத்து வண்டல்! நாங்களும் அள்ளிப் போட்டனாங்கள் எண்டு சொல்லு மோனை" என்று பேரனைப் பிடித்துக்கொண்டார். எங்கள் வயல் உருத்திரபுரத்தில், இரணைமடு வாய்க்கால் தண்ணீரில் விளைவது. கோடையில் குளம் வற்றினால் வண்டல் ஏற்றி வந்து தோட்டத் தரைக்குப் போடுவது அம்மாவும் அப்பாவும் காலமெல்லாம் செய்த வேலை. பிள்ளை பிரெஞ்சில் சொன்னான். அந்த மனிதர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, உங்கள் ஊரில் என்ன போடுவீர்கள் என்று கேட்டார். அம்மா மிளகாய், வெங்காயம், கத்தரி, பயற்றை என்று விரல் மடித்துச் சொல்லிக்கொண்டே போனார். பயற்றங்காய்க்குப் பிரெஞ்சு தெரியாமல் பிள்ளை கையை அகட்டி நீளத்தைக் காட்டினான். அவர் தன் பங்குக்கு லீக்ஸையும் பூசணியையும் காட்டினார். எழுபத்திமூன்று வயதில், ஐரோப்பாவில் கால் வைத்த பிறகு முதல்தரமாக அம்மாவிடம் ஒருவர் அம்மாவுக்குத் தெரிந்த ஒன்றைப் பற்றிக் கேட்டார்.

திரும்பி வரும்போது ரயிலில் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டோம். அங்கே ரயிலுக்குள் சாப்பிடலாம், ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் சம்பல் பெட்டியைத் திறந்ததும் மணம் பரவும், வெங்காயத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். எட்டு மணி ரயிலில் வந்தாலும் வெயிலோடு வீட்டுக்கு வந்துவிடலாம். அம்மா யன்னலோரம் இருந்து கோதுமை வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். கொஞ்ச நேரத்தில், "விடியப் போனம், இப்ப திரும்பி வீட்ட போறம், என்ன?" என்றார். கேள்வி மாதிரித்தான் கேட்டார்.

அது எனக்கு விளங்கியது. வன்னியில் எங்கள் தலைமுறைக்கு வெளிக்கிடுவது என்றால் திரும்பி வராமல் வெளிக்கிடுவதுதான். பாயும் பானையும் கோழியும் கட்டிக்கொண்டு போவது. எங்கே இரவு படுப்போம் என்று தெரியாமல் போவது. 1990 இல் வவுனியாவுக்கு வடக்கே ரயில் நின்றபோது எனக்குப் பத்து வயது. அதற்கு முதல் அம்மா யாழ்தேவியில் கொழும்புக்குப் போய் வந்திருக்கிறார். பிறகு தண்டவாளமும் இல்லை, சிலிப்பர் கட்டையும் இல்லை. அவை பதுங்குகுழிகளுக்குப் போய்விட்டன. மிஞ்சிய மேட்டில் நாங்கள் சைக்கிள் ஓடினோம். 2013 செப்ரெம்பர் 14 ஆம் திகதி கிளிநொச்சிக்கு மறுபடி ரயில் வந்தது. அதற்குள் நாங்கள் எத்தனையோ தரம் இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, மீளக்குடியேறி முடிந்திருந்தது. ஒரு கைப்பையும் தண்ணீர்ப் போத்தலும் மட்டும் எடுத்துக்கொண்டு, பார்ப்பதற்கென்று மட்டும் ஓர் ஊருக்குப் போய், பின்னேரம் தன் கட்டிலுக்குத் திரும்புவது அம்மாவின் வாழ்க்கையில் முன்பு நடந்ததில்லை. நேர்த்திக்குப் போனதுண்டு, ஆசுபத்திரிக்குப் போனதுண்டு, செத்த வீட்டுக்குப் போனதுண்டு. வேடிக்கை பார்க்க மட்டும் போனதில்லை. பாரிசுக்கு வரும் எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு ஈபிள் கோபுரத்தை விட இதுதான் முக்கியம் என்று நான் நினைக்கிறேன்.

ரான்சுக்கு கார் து லெஸ்றிலிருந்து 45 நிமிடம். அந்த நிலையத்துக்கே கொஞ்சம் நேரத்தோடு போங்கள். பெரிய மண்டபத்தின் சுவரில் 1914 ஓகஸ்றில் படையினர் போருக்கு ரயிலேறும் காட்சியைப் பிரமாண்டமாக வரைந்து மாட்டியிருக்கிறார்கள். நடுவில் ஓர் இளைஞன் ரயில் பெட்டியில் நின்று கைகளை விரிக்கிறான், துவக்கின் வாயில் பூச் செருகியிருக்கிறது. வரைந்தவர் அல்பேர்ட் ஹேர்ட்டர் என்ற அமெரிக்கர். அவருடைய மகன் 1918 இல் பிரான்சின் போர்முனையில் இறந்துவிட்டான். 1926 இல் இந்த ஓவியத்தை அவர் அன்பளிப்பாகக் கொடுத்தார். வலப்பக்கத்தில் பூங்கொத்தோடு நிற்கும் தகப்பன் அவர்தான் என்று சொல்வார்கள். நான் இதை அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா அந்த இளைஞனைப் பார்க்கவில்லை, தகப்பனையே பார்த்துக்கொண்டு நின்றார். சூட்கேசுகளோடு சனம் எங்களைச் சுற்றிக்கொண்டு போனது. எங்கள் தம்பியைப் பற்றி அன்று நாங்கள் இருவரும் ஒன்றும் பேசவில்லை.

ரான்ஸ் பேராலயத்தில்தான் பிரான்சின் அரசர்கள் முடிசூடினார்கள். 1914 செப்ரெம்பரில் எறிகணை விழுந்து, திருத்த வேலைக்குக் கட்டியிருந்த மரச்சாரம் பற்றி, கூரை முழுதும் எரிந்தது. ஈயக்கூரை உருகி, மழைநீர் வழியும் வாய்களால் வழிந்ததாம். வாசலில் சிரித்துக்கொண்டு நின்ற ஒரு வானதூதனின் தலை உடைந்து கீழே விழுந்தது. துண்டுகளைப் பொறுக்கி எடுத்து வைத்திருந்தார்கள், பிறகு ஒட்டித் திரும்ப வைத்தார்கள். இப்போதும் சிரிக்கிறான். கன்னத்தில் ஒட்டின அடையாளம் தெரிகிறதா என்று நான் அண்ணாந்து தேடினேன். கூரையின் தாங்குசட்டத்தை மரத்தில் கட்டாமல் கொங்கிறீற்றில் கட்டினார் ஆன்றி டெனே என்ற கட்டடக்கலைஞர். 1938 இல் முழுமையாகத் திறந்தார்கள். இருபத்துநாலு வருடம். உள்ளே பீடத்துக்குப் பின்னால் 1974 இல் மார்க் ஷகால் என்ற ஓவியர் வடிவமைத்த நீலக் கண்ணாடிகள் இருக்கின்றன. பழசைப் போலவே செய்து ஒளிக்காமல் புதியது புதியதாகவே நிற்பது எனக்குப் பிடித்தது.

அங்கே நான் பார்க்க விரும்பிய இன்னொரு இடம் நிலையத்துக்குப் பின்பக்கம், பத்து நிமிட நடை. சிவப்புச் செங்கல் கட்டடம். 1945 மே 7 ஆம் திகதி விடியப்புறம் ஜேர்மன் படைகளின் சரணாகதி அங்கேதான் கையெழுத்தானது. நேச நாட்டுப் படைகளின் தலைமையகமாக இருந்த அந்தக் கட்டடம் ஒரு பள்ளிக்கூடம். இன்றைக்கும் பள்ளிக்கூடம்தான். 2010 இல் நாங்கள் தரப்பாளுக்குக் கீழே, சுவரெல்லாம் சன்னம் பட்ட ஓட்டையோடு பிள்ளைகளுக்குப் படிப்பிக்கத் தொடங்கினோம். பள்ளிக்கூடங்கள் முகாமாவதும் ஆசுபத்திரியாவதும் எனக்குத் தெரியும். அதனால் அந்த வாசலில் புத்தகப் பையோடு பிள்ளைகள் சத்தம் போட்டுக்கொண்டு வெளியே வந்ததைப் பார்க்க எனக்கு மிகவும் சந்தோசமாக இருந்தது. உள்ளே ஒரு நூதனசாலையும் உண்டு. திறந்திருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொண்டு போங்கள்.

சார்த்ருக்கு மோன்பர்னாசிலிருந்து ஒரு மணித்தியாலம் கொஞ்சம் கூட. கடைசிப் பகுதி முழுக்கக் கோதுமைச் சமவெளி. பரந்தன் வெளியைப் போல ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் வரை தட்டை. அந்தத் தட்டைக்கு நடுவில் பேராலயத்தின் இரண்டு கோபுரங்கள், ஒன்று மற்றதைப் போல இல்லாமல், தூரத்திலேயே தெரியத் தொடங்கும். 1194 இல் பழைய கோயில் எரிந்து, கால் நூற்றாண்டுக்குள் பெரும்பகுதியைத் திரும்பக் கட்டிவிட்டார்கள். மாதாவின் ஆடை என்று நம்பப்படும் துணி ஒன்று அங்கே இருக்கிறது. நாங்கள் சைவக்காரர், ஆனால் மடு மாதா கோயிலுக்குப் போகாத வன்னிச் சைவக்காரர் யார்? அம்மா செருப்பைக் கழற்ற வெளிக்கிட்டார். தேவையில்லை என்று சொல்லி நிறுத்தினேன்.

அந்தக் கண்ணாடி யன்னல்களில் நிறைய எட்டு நூற்றாண்டுப் பழசு. 1939 இல் போர் வரப்போகிறது என்றதும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பெட்டிகளில் அடுக்கி, பிறகு தூரத்துக்குக் கொண்டுபோய் வைத்திருந்து, போர் முடிந்த பின் திரும்பப் பொருத்தினார்கள். இதை அம்மாவுக்குச் சொல்லி முடிப்பதற்குள் அவர், "மடு மாதாவைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோன மாதிரி" என்றார். 2008 ஏப்ரலில் அப்படித்தான் நடந்தது. சண்டை கோயிலடிக்கு வந்தபோது குருமார் மாதாவின் சுரூபத்தை எடுத்துக்கொண்டு தேவன்பிட்டிக்குப் போனார்கள். ஓகஸ்றில் திரும்பி வந்தது. அந்த வருடம் எங்கள் சனத்துக்கு அது எப்படிப்பட்ட செய்தி என்று வன்னியில் இருந்தவர்களுக்குத் தெரியும். அக்கா அப்போது பாரிசில் இருந்தவர், இந்தக் கதை அவருக்கு முழுதாகத் தெரியாது. அன்று அந்த நீல வெளிச்சத்துக்குள் ஒரு கதிரையில் இருந்து அம்மா அக்காவுக்கு அதைச் சொன்னார். அக்கா எங்களோடு வந்த ஒரே பயணம் அது. சம்பளத்தை விட்டுவிட்டுத்தான் வந்தார்.

நிலத்தில் 13 மீற்றர் அளவு குறுக்களவில் ஒரு சுற்றுவழிப் பாதை கல்லில் பதித்திருக்கிறது. மற்ற நாட்களில் அதன் மேல் கதிரைகள் கிடக்கும். தவக்காலம் தொடங்கி இலையுதிர்காலம் வரை வெள்ளிக்கிழமைகளில் எடுத்துவிடுவார்கள். நடக்க ஆசை என்றால் வெள்ளியில் போங்கள்.

மற்றவை சுருக்கமாக. வெர்சாய் அழகுதான், ஆனால் நடையும் நெரிசலும் முழங்கால் வலிக்காரருக்கு ஆகாது. திங்கட்கிழமை அரண்மனை பூட்டு. ஜிவேர்னியில் மொனே என்ற ஓவியர் 1883 இலிருந்து 1926 இல் இறக்கும் வரை வாழ்ந்த வீடும் குளமும் இருக்கின்றன. வெர்நோன் நிலையத்தில் இறங்கி அங்கிருந்து பஸ். நவம்பரிலிருந்து மார்ச் வரை பூட்டு. அல்லி பார்ப்பதற்கென்று எங்கள் ஊர்க்காரர் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை, எங்கள் குளமெல்லாம் அதுதான். ஓவியம் பிடித்தவர்கள் போகலாம். புரோவான் பிள்ளைகளோடு போக நல்லது, மதிலில் ஏறி நடக்கலாம்.

வேலைநிறுத்த நாள் எது என்று முதல்நாளே பிள்ளைகளிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கோடையிலும் ஒரு ஸ்வெற்றர் கொண்டுபோங்கள், ரயிலுக்குள் குளிரும். நிலையக் கழிப்பறைகளில் காசு கேட்கக்கூடும், சில்லறை வைத்திருங்கள். திரும்பும் ரயிலின் நேரத்தையும் அதற்கு அடுத்த ரயிலின் நேரத்தையும் ஒரு துண்டில் எழுதி அம்மாமாரின் கையில் கொடுத்துவிடுங்கள். அது கையில் இருந்தால் அவர்கள் பதறாமல் ஊரைப் பார்ப்பார்கள்.

நாங்கள் திரும்பி வந்த பிறகு ஒரு நாள், இங்கே பின்னேரம், அக்கா வீடியோவில் எடுத்தார். பின்னால் சாய்ந்த மர வீடுகள். வேலை இல்லாத நாளாம், தனியாக சான் லசாரில் ஏறி ரூவானுக்குப் போயிருக்கிறார். அத்தானுக்குக்கூடப் போய்ச் சேர்ந்த பிறகுதான் சொன்னாராம். பெரிய மணிக்கூட்டைக் காட்டினார். 1431 இல் ஜோன் ஒவ் ஆர்க்கை எரித்த சந்தைச் சதுக்கத்தைக் காட்டினார். அங்கே 1979 இல் கட்டிய புதுக் கோயில் ஒன்று இருக்கிறது. உள்ளே போய்க் குரலைத் தாழ்த்தி, "அம்மாவிட்டச் சொல்லு, இந்தக் கண்ணாடியளும் அப்பிடித்தானாம். சண்டைக்கு முதல் கழட்டி வைச்சது. அது இருந்த கோயில் 1944 இல உடைஞ்சு போச்சாம், இது மட்டும் தப்பி இஞ்ச வந்திருக்கு" என்றார். அம்மா போனை வாங்கி, சாப்பிட்டியோ என்று கேட்டார்.

நத்தார் நேரம் ஸ்ற்ராஸ்பூர்க் சந்தைக்குப் போக வேண்டுமாம். கார் து லெஸ்ற், இரண்டு மணித்தியாலத்துக்குள்தான். ஆனால் அதிவேக ரயில், அந்த நாட்களில் விலை ஏறிவிடும், இப்போதே எடுத்து வையுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.